‘எனக்குப் பிடிச்சுது’ மட்டும் போதாது: தமிழ் கேம் விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் வீடியோ கேம் விமர்சனம் எழுதுகிறவர்களுக்கும் யூடியூபில் பேசுகிறவர்களுக்கும்,

உங்களில் பலர் மதிப்பெண் போடும் முறையை மாற்றிவிட்டீர்கள். முன்பு கிராஃபிக்ஸ், ஒலி, கதை, கன்ட்ரோல் என்று தனித்தனியாகப் பேசிவிட்டு முடிவுக்கு வருவீர்கள். இப்போது ஒரே கேள்விதான்: ‘எனக்கு ஜாலியா இருந்துச்சா?’ அதற்குப் பத்துக்கு இத்தனை என்று சொல்லி முடித்துவிடுகிறீர்கள். கேம் என்பதே ஆடி மகிழத்தானே, மகிழ்ச்சி கிடைத்தால் நல்ல கேம், கிடைக்காவிட்டால் மோசமான கேம், மற்ற கணக்கெல்லாம் எதற்கு என்று காரணமும் சொல்கிறீர்கள். இந்த முடிவை எங்களால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கேம்கள் வெளிவருவதற்கு முன் அவற்றைச் சோதித்துப் பிழைகளைப் பதிவு செய்வது எங்கள் தொழில். எங்களிடம் யாரும் ‘பிடிச்சிருக்கா?’ என்று கேட்பதில்லை. எந்த இடத்தில், எந்தக் கருவியில், பத்து தடவைக்கு எத்தனை தடவை, என்ன நடக்கிறது என்றுதான் கேட்பார்கள். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறோம். நீங்கள் அடைந்த மகிழ்ச்சி உண்மையானது, அது வாசகருக்குத் தேவையான தகவலும்கூட. ஆனால் அது ஒரு ஆள், ஒரு கருவியில், ஒரு சூழலில் ஆடியபோது நடந்ததன் பதிவு. அதைக் கேமின் தரம் என்று எழுதும்போது, நாலாயிரம் ஐந்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கப்போகிறவருக்குத் தெரிய வேண்டிய பாதி விஷயம் மறைந்துபோகிறது.

2003-இல் கணினிக்கு வந்த ‘பிக் ரிக்ஸ்: ஓவர் த ரோடு ரேசிங்’ என்ற லாரிப் பந்தயத்தைப் பாருங்கள். முதலில் வெளியான பதிப்பில் எதிரி லாரி புறப்பட்ட இடத்தைவிட்டு நகரவே நகராது. நம் லாரி கட்டடத்துக்குள் புகுந்து மறுபக்கம் வரும். பாலத்தில் ஏறினால் பாலம் தாங்காது, ஊடே கீழே போய்விடும். ரிவர்ஸில் அமுக்கிப் பிடித்தால் வேகத்துக்கு எல்லையே இல்லை. ஜெயித்ததும் கோப்பையோடு வருகிற வாக்கியத்திலேயே இலக்கணப் பிழை. நாலு நண்பர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஆடினால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஜாலியா இருந்துச்சா என்று கேட்டால், இருந்தது. உங்கள் அளவுகோல்படி எட்டோ ஒன்பதோ வரும். விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி காட்டும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் இதன் சராசரி நூற்றுக்கு 8.

இது விதிவிலக்கு என்று நீங்கள் ஒதுக்கலாம். சரி, எல்லோரும் கொண்டாடிய ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2012 ஆகஸ்டில் ‘டார்க் சோல்ஸ்’ கணினிக்கு வந்தது. உங்கள் மானிட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உள்ளே படம் 1024×720 அளவில்தான் வரையப்பட்டது, ஃபிரேமும் (திரையில் அடுத்தடுத்துக் காட்டப்படும் ஒவ்வொரு படமும்) வினாடிக்கு 30-ஐத் தாண்டாது. ரசிகர் ஒருவர் எழுதிய டிஎஸ்ஃபிக்ஸ் என்ற சிறு நிரல்தான் படத்தின் கூர்மையை மீட்டுக் கொடுத்தது. கேம் அருமையானது, அதைக் கணினிக்குக் கொண்டுவந்த வேலை மோசமானது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. ஒற்றை எண் போட்டால் இரண்டில் ஒன்று காணாமல் போகும். பெரும்பாலும் குறைதான் காணாமல் போகிறது, ஏனென்றால் மகிழ்ந்திருக்கும்போது கண் மன்னித்துவிடுகிறது.

இதில் உங்கள் வேலைமுறையே உங்களை ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு வெடிப்போ, மந்திரமோ, புதுப் பகுதியோ முதன்முறையாகத் திரையில் வரும்போது, அதை வரைவதற்கான ஷேடர் என்கிற குட்டி நிரலை உங்கள் கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஏற்றபடி, அந்தக் கார்டை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் தயார்செய்ய வேண்டும். சில கேம்கள் இதைத் தொடக்கத்திலேயே முடித்துவிடும். சில கேம்கள் அந்த நொடி வரும்வரை விட்டுவைக்கும். அப்படி விட்டுவைத்த இடத்தில் படம் 100, 200 மில்லிவினாடி நின்றுவிட்டுப் போகும். ஒருமுறை தயாரானது வட்டில் சேமிக்கப்படுவதால், அடுத்த தடவை அதே இடம் தடங்கலே இல்லாமல் ஓடும். நீங்கள் வீடியோவுக்காகப் பெரிய எதிரியோடு மோதும் அதே பாஸ் சண்டையை நாலைந்து தடவை ஆடுகிறீர்கள், நன்றாக வந்த பதிவை வைத்துக்கொண்டு ‘பெர்ஃபார்மன்ஸ் பக்கா’ என்கிறீர்கள். வாங்குகிறவர் ஆடுவதோ முதல் தடவை. அவருக்கு ஒவ்வொரு புது இடத்திலும் இடறும். நீங்கள் பொய் சொல்லவில்லை. நீங்கள் பார்த்தது அவர் பார்க்கப்போவது அல்ல, அவ்வளவுதான்.

சோதிக்கும் வழி எளிது. விண்டோஸின் டிஸ்க் கிளீனப்பைத் திறந்து ‘டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அழியுங்கள். என்விடியா கார்டாக இருந்தால் ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் என்விடியாவின் டிஎக்ஸ்கேஷ் என்ற ஃபோல்டரைத் தேடிக் காலி செய்யுங்கள். கணினியை மறுபடி தொடங்கி, முதல் ஒரு மணி நேரத்தை நிறுத்தாமல் பதிவு செய்யுங்கள். டிரைவரை அப்டேட் செய்தாலும் பழைய சேமிப்பு செல்லாமல் போவது வழக்கம் என்பதால், எந்த டிரைவர் பதிப்பில் ஆடினீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பதிவில் சராசரி எஃப்.பி.எஸ்ஸை, அதாவது வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்ணை, மட்டும் பார்க்காதீர்கள். ஒரு வினாடிக்குள் 50 ஃபிரேம் தலா 16 மில்லிவினாடியில் வந்து, ஒரே ஒரு ஃபிரேம் 200 மில்லிவினாடி எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். மூலையில் 51 என்று காட்டும். 51 நல்ல எண்தானே என்று தோன்றும். ஆனால் கையில் கன்ட்ரோலர் வைத்திருந்தவருக்கு அந்த 200 மில்லிவினாடியில் எதிரியின் வாள் இறங்கியிருக்கும். கேப்ஃபிரேம்எக்ஸ் போன்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆன நேரத்தைக் கோடாக வரைந்து காட்டும். அந்தக் கோட்டில் ஊசிபோல் எழும்பி நிற்பவைதான் இடறல்கள். அந்தப் படத்தை உங்கள் வீடியோவில் 10 வினாடி காட்டினாலே போதும்.

போனில் ஆடுகிறவர்களுக்கு வேறு சிக்கல். உங்கள் பார்வையாளர்களில் எத்தனையோ பேருக்குப் போன்தான் கேம் கருவி. முதல் பத்து நிமிடம் எந்தப் போனும் நன்றாகவே ஓட்டும். சூடு ஏறியதும் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அப்போதுதான் ஃபிரேம் விழும். ஏசி அறையில் ஆடிய உங்களுக்கும் மே மாத மதியத்தில் வேலூரில் ஆடுகிறவருக்கும் ஒரே கேம் இரண்டு கேமாகத் தெரிவது இதனால்தான். திரையின் வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, சார்ஜர் இல்லாமல், 5-ஆம் நிமிடத்திலும் 30-ஆம் நிமிடத்திலும் ஒரே இடத்தில் நின்று அளந்து பாருங்கள். இரண்டு எண்ணையும் சொல்லுங்கள். அறைக்கு ஏசி உண்டா இல்லையா என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

கன்ட்ரோல் விஷயத்தில் ‘செம ஸ்மூத்’, ‘கொஞ்சம் லேக்’ என்பதற்கு மேல் நீங்கள் போவதில்லை. உங்கள் போனில் 240 ஃபிரேம் ஸ்லோ மோஷன் இருந்தால் இதையும் அளந்துவிடலாம். பட்டனை அமுக்கும் விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி படம் பிடியுங்கள். விரல் பட்டனை முழுதும் அமுக்கிய ஃபிரேமிலிருந்து பாத்திரம் அசையத் தொடங்கும் ஃபிரேம்வரை எண்ணுங்கள். ஒரு ஃபிரேம் என்பது ஏறத்தாழ 4.2 மில்லிவினாடி, 24 எண்ணினால் 100 மில்லிவினாடி. ஒரே தடவையோடு நிறுத்தாமல் பத்து தடவை எடுத்து நடுமதிப்பைச் சொல்லுங்கள், ஏனென்றால் கேம் தன் ஃபிரேமை வரைந்துகொண்டிருக்கும்போது எந்த இடத்தில் உங்கள் விரல் விழுகிறது என்பதைப் பொறுத்து எண் மாறும். டிவியில் ஆடினால், டிவியின் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிவியின் தாமதத்தைக் கேமின் தலையில் கட்டிய விமர்சனங்கள் எத்தனையோ வந்துவிட்டன.

சூழல் எப்படி ஏமாற்றும் என்பதற்கு இரண்டு பெரிய சான்றுகள் ஏற்கெனவே நம்முன் இருக்கின்றன. 2013 மார்ச்சில் ‘சிம்சிட்டி’ வந்தபோது இணைய இணைப்பு இல்லாமல் அதை ஆடவே முடியாது. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்கள் ஆடியபோது சர்வரில் கூட்டம் இல்லை. போலிகான் தளம் 9.5 கொடுத்தது. மக்கள் உள்ளே வந்ததும் சர்வர்கள் படுத்துவிட்டன. அந்தத் தளம் எண்ணை 8 ஆக்கி, பிறகு 4 ஆக்கி, நிலைமை சீரான பின் 6.5 ஆக்கியது. 9.5 போட்டவரின் மகிழ்ச்சி பொய்யல்ல, அது காலியான சர்வரில் கிடைத்த மகிழ்ச்சி. 2020 டிசம்பர் 10 அன்று வெளிவந்த ‘சைபர்பங்க் 2077’-க்கும் இதே கதைதான். முன்கூட்டி வந்த விமர்சனங்கள் கணினியில் ஆடியவை. பழைய பிளேஸ்டேஷன் 4-இலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் அது என்ன பாடு படுகிறது என்பது வாங்கியவர்களுக்குத்தான் தெரிந்தது. டிசம்பர் 18 அன்று சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. மறுபடி வைத்தது 2021 ஜூனில்.

அதே சைபர்பங்க் விஷயத்தில்தான் விமர்சனம் என்ன செய்ய முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பிறர் நினைவுக்குள் புகுந்து பார்க்கும் கட்டத்தில் வருகிற வேகமான ஒளிச்சிமிட்டலால் ஒரு விமர்சகருக்கு வலிப்பு வந்தது. அவர் அந்த இடம் எது, எப்படிச் சிமிட்டுகிறது என்று துல்லியமாக எழுதினார். நிறுவனம் சில நாளிலேயே பேட்ச் என்கிற திருத்தத்தை வெளியிட்டு அதை மாற்றியது. அந்த எழுத்தில் கேம் பிடித்ததா பிடிக்கவில்லையா என்பது பொருட்டே அல்ல. எத்தனையோ பேரை அது காப்பாற்றியிருக்கும். ஒரு வினாடிக்குள் மூன்று தடவைக்கு மேல் எதுவும் சிமிட்டக் கூடாது என்பது இணையதளங்களுக்கான அணுகல் விதிகளிலேயே இருக்கிற அளவு. உங்கள் விமர்சனத்தில் அதற்கு ஒரு வரி ஒதுக்க முடியாதா?

அடுத்து, மகிழ்ச்சியையே செய்து தருகிற கேம்கள். எங்களுக்கு மிகவும் கவலை தருவது இதுதான். ‘கென்ஷின் இம்பாக்ட்’ 2020 செப்டம்பரில் வந்தது. ஆட இலவசம். புதுப் பாத்திரம் வேண்டுமானால் குலுக்கலில் இழுக்க வேண்டும். இழுத்ததும் வானத்தில் ஒரு எரிகல் விழும். நீலமாக விழுந்தால் சாதாரணப் பொருள், ஊதாவாக மாறினால் நாலு நட்சத்திரம், தங்கமாக மாறினால் ஐந்து நட்சத்திரம். நிறம் மாறுமா மாறாதா என்ற அந்த ஓரிரு வினாடியில் நெஞ்சு அடித்துக்கொள்ளும். உங்கள் நேரலைகளில் நீங்கள் கத்தும் இடமும், சந்தாதாரர்கள் குவியும் இடமும் அதுதான். ஒரு இழுப்புக்கு ஐந்து நட்சத்திரம் கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம் என்று கேமே சொல்கிறது. கணக்குப் போட்டால், 100 பேர் ஆளுக்கு 50 தடவை இழுத்தால் சுமார் 74 பேருக்குக் கிடைக்காது. 90-ஆவது இழுப்பில் கட்டாயம் கிடைக்கும். ஒரு இழுப்புக்கு, கேமுக்குள் காசுபோல் செலவாகும் கற்கள் 160 என்பதால், அந்த 90-க்கு 14,400 கற்கள். ஆடியே சேர்க்கலாம், காசு கொடுத்தும் வாங்கலாம்.

அந்த எரிகல்லைப் பார்த்தபோது மகிழ்ந்தேன் என்பது உண்மையாகவே இருக்கட்டும். எப்போது வரும் என்று தெரியாத பரிசு மனதை விடாமல் பிடித்து வைக்கும் என்பது உளவியலில் பழைய செய்தி. அந்த மகிழ்ச்சியைப் பத்துக்கு ஒன்பது என்று எழுதிவிட்டு, 0.6-ஐயும் 14,400-ஐயும் சொல்லாமல் விட்டால், கேமின் தரத்தை நீங்கள் சொல்லவில்லை, குலுக்கல் உங்கள்மேல் வேலை செய்ததைச் சொல்லியிருக்கிறீர்கள். சீனா 2017 மே மாதத்திலிருந்து இந்த வாய்ப்பு விகிதங்களை வெளியிட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் சில பிரபல கேம்களில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிக் குலுக்கலைச் சட்டவிரோதமான சூதாட்டம் என்றே அறிவித்தது. அரசுகளே எண்ணைக் கேட்கும்போது விமர்சகர் கேட்காமல் இருப்பது சரியல்ல. கென்ஷினின் உலகமும் இசையும் மிக நன்றாகச் செய்யப்பட்டவை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தனியாகச் சொல்லுங்கள்.

இதற்கு நேரெதிர் திசையில், மகிழ்ச்சியே தராமல் சிறந்து நிற்கும் கேம்கள் இருக்கின்றன. உங்கள் புது அளவுகோலில் முதலில் அடிபடுவது இவைதான். லூகாஸ் போப் 2013-இல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், பிளீஸ்’ கேமில் நீங்கள் எல்லைச் சாவடி அதிகாரி. திரையின் கீழே ஒரு சின்ன மேசை. அதில்தான் பாஸ்போர்ட், நுழைவுச்சீட்டு, வேலை அனுமதி, விதிப்புத்தகம் எல்லாவற்றையும் விரிக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பெயர் பொருந்துகிறதா, தேதி காலாவதியாகிவிட்டதா, வழங்கிய ஊர் அந்த நாட்டில்தான் இருக்கிறதா, படத்தில் இருப்பவர்தான் முன்னால் நிற்கிறாரா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சரியாக முடித்த ஒவ்வொருவருக்கும் 5 கிரெடிட். முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கைச் சீட்டு, மூன்றாவதிலிருந்து அபராதம். மாலையில் சாவடி மூடியதும் வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு என்று கணக்கு வரும். சம்பளம் போதாது. கணவனை உள்ளே விட்டுவிட்டு, தாளில்லாத மனைவியைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலையும் வரும்.

‘ஆபீஸ் வேலை மாதிரி இருக்கு, போர், 5/10’ என்று இதைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அலுப்பு உண்மைதான். ஆனால் அந்த அலுப்பு குறையா, திட்டமிட்டு வைத்ததா? இதைக் கண்டுபிடிக்க நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்று: அந்த இடைஞ்சலை எடுத்துவிட்டால் ஆடுகிறவர் எடுக்கும் முடிவு மாறுமா? இங்கே மேசையைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாத் தாளும் ஒரே பார்வையில் தெரியும், நேரம் மிஞ்சும், அவசரத்தில் ஒருவரைக் கவனிக்காமல் விட்டுவிடும் நெருக்கடி போய்விடும். அதோடு கேமே போய்விடும். ஆகவே சின்ன மேசை கேமின் உயிர். அதே நேரத்தில் மவுஸால் தாளை இழுத்துப் பாருங்கள், கையோடு வரும். முத்திரை குத்தினால் அந்தக் கணமே விழும். இடைஞ்சல் வேலையில் இருக்கிறது, கருவியில் இல்லை. மாறாக, பை மெனுவைத் திறக்க ஒவ்வொரு தடவையும் மூன்று வினாடி எடுக்கும் கேமை எண்ணிப் பாருங்கள். அந்த மூன்று வினாடியை எடுத்துவிட்டால் எந்த முடிவும் மாறாது. அது குறை. ‘போர்’ என்ற ஒரே சொல் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

கடினமான கேம்களிலும் இந்தக் கேள்வி உதவும். 2018-இல் வந்த ‘செலஸ்ட்’ கடினம், ஆனால் நியாயமானது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் நியாயம் என்று சொல்கிறவர் குறைவு. விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்குப் போன பிறகும் 0.1 வினாடிவரை ஜம்ப் அமுக்கினால் கேம் ஏற்றுக்கொள்கிறது, அதாவது 60 ஃபிரேமில் ஆறு. தரையைத் தொடும் சற்று முன்பே அமுக்கினாலும் தொட்டதும் குதிக்கும். தலை மூலையில் இடித்தால் சற்று ஒதுக்கிவிட்டு மேலே அனுப்பும். இந்தச் சலுகைகளை உருவாக்கியவர்களே வெளிப்படையாக விளக்கியிருக்கிறார்கள். தாவிக் குதிக்கும் கேம் பிடிக்காதவருக்கு செலஸ்ட் பிடிக்காது, அது அவர் உரிமை. ஆனால் அவரும் விளிம்பில் ஓடிப் பார்த்து, பட்டனைத் தாமதமாக அமுக்கிப் பார்த்து, ‘எனக்கு ஒத்துவரவில்லை, ஆனால் கட்டுமானம் இப்படி இருக்கிறது, உதவி மோடில் வேகத்தைப் பாதிவரை குறைத்துக்கொள்ளலாம்’ என்று சொல்ல முடியும். அதைக் கேட்டு ஒருவர் வாங்கலாம், இன்னொருவர் விடலாம். 4/10 என்பதைக் கேட்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

மகிழ்ச்சி என்பதும் ஒற்றைப் பொருள் அல்ல. கேம் வடிவமைப்பாளர்களான ஹுனிக்கே, லெப்ளாங்க், ஸூபெக் மூவரும் 2004-இலேயே அதை எட்டாகப் பிரித்துக் காட்டினார்கள். புலன் இன்பம், கற்பனை உலகம், கதை, சவால், கூட்டு, கண்டுபிடிப்பு, தன்னை வெளிப்படுத்துதல், சும்மா பொழுதைக் கழித்தல். சவாலைத் தேடுகிறவர் கதைக்கான கேமுக்கு 5 போடுவது, அவர் தேடியது கிடைக்கவில்லை என்ற செய்தி மட்டுமே.

நம் மொழியோடு நேரடியாகச் சேர்ந்த ஒரு கேமிலேயே இதைப் பார்க்கலாம். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’, 1980-களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் எழுத்து அழிந்துபோன இடங்களை ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் பதார்த்தம் இட்லி. தட்டுகளை எந்த வாக்கில் அடுக்கினால் ஆவி சரியாகப் போகும் என்று யோசிக்க வேண்டும். முழுக் கேமும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுகக் கேம் விருது இதற்குத்தான். நம் விமர்சனங்களில் இதற்கு இரண்டு முனைகள். ‘அம்மா ஞாபகம் வந்து அழுதுட்டேன், 10/10.’ ‘ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுது, கஷ்டமே இல்ல, காசு வேஸ்ட், 5/10.’ இருவரும் தங்களைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள். இட்லித் தட்டு தெரியாத ஒருவருக்கு அந்தப் புதிர் விளங்குமா, தவறாக அடுக்கினால் கேம் எப்படிச் சுட்டிக்காட்டுகிறது, குறிப்புக் கேட்டால் எவ்வளவு சொல்கிறது, தமிழ் எழுத்துகள் சின்னத் திரையில் படிக்கும்படி இருக்கின்றனவா? தமிழ் விமர்சகர்கள்தான் உலகத்திலேயே நன்றாகப் பதில் சொல்லியிருக்கக்கூடிய கேள்விகள் இவை. அதை நாம் தவறவிட்டதில் எங்களுக்கு உண்மையாகவே வருத்தம்.

எண்ணுக்கு விளைவு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. 2010-இல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ கேமை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு மெட்டாக்ரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. போனஸ் இல்லை. இதை அந்த நிறுவனத்தின் கிறிஸ் அவெல்லோன் 2012-இல் வெளியே சொன்னார். தமிழ்ச் சேனலின் எண்ணுக்கு இன்று அந்தப் பலம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். சென்னையிலும் கோவையிலும் நாலைந்து பேர் சேர்ந்து கேம் செய்யும் சின்னக் குழுக்களுக்கு உங்கள் எண்தான் முதல் எண். ஸ்டீம் என்ற கணினி கேம் கடையில் வாங்கியவர் இரண்டு மணி நேரத்துக்குள் ஆடி, 14 நாளுக்குள் கேட்டால் பணத்தைத் திரும்பப் பெறலாம். உங்கள் 4/10-ஐப் பார்த்துவிட்டுச் சந்தேகத்தோடு உள்ளே வருகிறவர் முதல் இடறலிலேயே பணத்தைத் திரும்பக் கேட்பார்.

முழுக்க எண்களாக அடுக்கிய விமர்சனத்தையும் நாங்கள் கேட்கவில்லை. ஒருவர் ஆடி என்ன உணர்ந்தார் என்று தெரியாத விமர்சனம் வெறும் விவரப் பட்டியல். கேமுக்குள் 40 மணி நேரம் இருந்த ஒருவரின் சலிப்பையும் பரவசத்தையும் எந்தக் கருவியும் அளக்காது, அது உங்களிடம் மட்டுமே இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அதை வைத்துக் கேமுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

எனவே எங்கள் கோரிக்கைகள் இவை. ஒற்றை எண்ணை நிறுத்துங்கள். நிறுத்த முடியாவிட்டால் இரண்டாகப் பிரியுங்கள்: ‘நான் எவ்வளவு ரசித்தேன்’ என்று ஒன்று, ‘எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது’ என்று இன்னொன்று. இரண்டையும் கூட்டிச் சராசரி போடாதீர்கள்.

ரசனைக்கான எண்ணுக்குப் பக்கத்தில் நீங்கள் யார் என்று இரண்டு வரி எழுதுங்கள். இந்த வகைக் கேம் வழக்கமாகப் பிடிக்குமா, எத்தனை மணி நேரம் ஆடினீர்கள், முடித்தீர்களா, கேமை யார் கொடுத்தது, அவசரத்தில் ஆடினீர்களா. செய்திறனுக்கான எண்ணுக்குப் பக்கத்தில் கருவியின் மாடல், ரேம், செட்டிங்ஸ், டிரைவர் பதிப்பு, கேமின் பதிப்பு எண், ஆடிய தேதி. ஷேடர் சேமிப்பை அழித்துவிட்டு ஆடிய முதல் ஒரு மணி நேரத்தின் ஃபிரேம் படம் ஒன்று. போன் கேமானால் 5-ஆம், 30-ஆம் நிமிட எண்கள். கன்ட்ரோலரைக் கழற்றினால் கேம் தானாக நிற்கிறதா, சேமிக்கும்போது மின்சாரம் போனால் சேமிப்பு கெடுகிறதா, சோபாவில் உட்கார்ந்து எழுத்தைப் படிக்க முடிகிறதா, நிறக்குறைபாட்டுக்கு செட்டிங் உண்டா, ஒளிச்சிமிட்டல் எச்சரிக்கை உண்டா. இவை மொத்தமும் அரை நாள் வேலைதான்.

காசு கேட்கும் குலுக்கல் உள்ள கேம் எதுவானாலும் வாய்ப்பு விகிதத்தையும் கட்டாய இழுப்பின் எண்ணிக்கையையும் திரையில் காட்டாமல் விமர்சனத்தை வெளியிடாதீர்கள். குலுக்கல் நேரலைக்கு நிறுவனம் பணமோ கற்களோ கொடுத்திருந்தால் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். விளக்கப் பெட்டியின் கடைசி வரியில் போடுவது போதாது.

ஆன்லைன் கேமுக்கு வெளியீட்டுக்கு முன் எண் போடாதீர்கள். மக்கள் உள்ளே வந்து ஒரு வாரம் ஆன பிறகு போடுங்கள்.

கடைசியாக, பழைய விமர்சனங்களைத் திருத்துங்கள். பேட்ச் வந்து கேம் சீரானாலோ, அப்டேட் வந்து கெட்டாலோ, அதே பக்கத்தில், அதே வீடியோவின்கீழ் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்படி ‘பின்’ (pin) செய்த கருத்தில், தேதியோடும் பதிப்பு எண்ணோடும் எழுதுங்கள். பழைய எண்ணை அழிக்காமல் பக்கத்தில் புது எண்ணைப் போடுங்கள். மேலே சொன்ன சோதனைகளுக்கான தாளைத் தமிழில் தயாரித்துத் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். எங்கள் பெயர் போட வேண்டியதில்லை, எடுத்துப் பயன்படுத்துங்கள்.

இப்படிக்கு,
கேம் சோதனைத் தொழிலில் இருக்கும் சிலர்